சாஃப்ட்வேருக்கு என்ன பெயர் வைக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

வணிக மென்பொருள் செய்து விற்கக் கிளம்பியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் இந்த முறை பாதிக்கு மேல் பெயரைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. நான் விளம்பரத் துறைக்காரி அல்ல. பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு மென்பொருள்களின் கஸ்டமர் சப்போர்ட்டில் பல வருடங்கள் போன் எடுத்துப் பேசியவள். ஒரு பெயர் நன்றாக அமைந்தால் என்ன ஆகிறது, அமையாவிட்டால் என்ன ஆகிறது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கற்றேன். பதில்களும் அங்கிருந்தே வருகின்றன.

*கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். சிறிய உற்பத்தி நிறுவனங்களுக்காக ஸ்டாக், பில், வரவேண்டிய பாக்கி மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருளை முடித்துவிட்டோம். பெயரில்தான் ஒத்துவரவில்லை. ஒருவர் 'ஸ்மார்ட் ஸ்டாக் புரோ' என்கிறார். இன்னொருவர் 'க்வின்ஸ்டிக்ஸ்' என்று புதிதாக ஒரு சொல்லை உண்டாக்கி லோகோவும் வரைந்துவிட்டார். எனக்கு 'துலா' பிடித்திருக்கிறது. எதை எடுப்பது?*

மூன்றையும் ஸ்கிரீனில் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதுவும் உங்கள் மூவரில் யாரும் சொல்ல வேண்டாம், மென்பொருளோடு சம்பந்தமே இல்லாத ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

காரணம் இருக்கிறது. வணிக மென்பொருளின் பெயர் பெரும்பாலும் நீங்கள் இல்லாத இடத்தில்தான் உச்சரிக்கப்படும். கணக்குப் பார்ப்பவர் முதலாளியிடம் "இதை வாங்கலாம்" என்று சொல்லும்போது உச்சரிக்கப்படும். ஆடிட்டர் "எதில் கணக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், அதற்குப் பதிலாக வரும். வேலை கேட்டு வருபவர் "இந்த மென்பொருளில் வேலை தெரியும்" என்று சொல்வார். ஒரு நிறுவனக்காரர் இன்னொருவரிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். இந்த நான்கு இடத்திலும் உங்கள் லோகோ இல்லை, வண்ணம் இல்லை, விளக்கம் சொல்ல நீங்களும் இல்லை. சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். தெரிந்தவரின் தெரிந்தவர் ஒருவருக்கு போன் போட்டு, பேச்சோடு பேச்சாகப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் அதே ஆளிடம் "நேற்று ஒரு பெயர் சொன்னேனே, என்ன அது?" என்று கேளுங்கள். பத்துப் பேரிடம் இதைச் செய்தால் போதும், உங்களுக்குள் விவாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

போனில்தான் செய்ய வேண்டும். நேரில் உதட்டைப் பார்த்துப் பாதியை ஊகித்துவிடுவோம். பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கொண்டுபோகும். 'எஸ்', 'எஃப்' போன்ற ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இன்றைய செல்போன் அழைப்புகளில் ஒலி தெளிவாகிவிட்டது, ஆனால் எல்லா அழைப்பும் அப்படி வருவதில்லை. 'பி', 'டி', 'வி' குழப்பமும் சப்போர்ட்டில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

'க்வின்ஸ்டிக்ஸ்' இந்தச் சோதனையில் தேறும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே மாதிரி வினோத எழுத்துக்கூட்டல் கொண்ட ஒரு மென்பொருளுக்கு நான் சப்போர்ட் செய்திருக்கிறேன். கூப்பிடுகிறவர்கள் அதன் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். "அந்த நீலக்கலர் சாஃப்ட்வேர்", "பில் போடுவோமே, அது" என்பார்கள். வருடக்கணக்கில் தினமும் பயன்படுத்துகிறவர்களே அப்படி. வாய்க்கு வராத பெயரை மனிதர்கள் சண்டை போடாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். பெயர் சொல்லாமல் ஒரு பொருளை எப்படிப் பரிந்துரை செய்வது?

'ஸ்மார்ட் ஸ்டாக் புரோ' எல்லோர் வாயிலும் நுழையும். மறுநாள் கேட்டால் 'ஈஸி ஸ்டாக்' என்பார்கள், 'குவிக் ஸ்டாக்' என்பார்கள். 'ஸ்மார்ட்', 'ஈஸி', 'குவிக்', 'புரோ' எல்லாம் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரக்கூடிய சொற்கள். அதைவிடப் பெரிய சிக்கல் 'ஸ்டாக்' என்ற சொல். உங்கள் மென்பொருளில் பில்லும் பாக்கியும் இப்போதே இருக்கின்றன. நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் சம்பளக் கணக்கும் சேர்த்துத் தரச் சொல்வார், நீங்களும் சேர்ப்பீர்கள். அன்றைக்கும் பெயர் ஸ்டாக் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். விற்பனைக்குப் போகும் உங்கள் ஆள் ஒவ்வொரு முறையும் "ஸ்டாக் மட்டும் இல்லை சார்" என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

'துலா' சின்னது, காதுக்கு இதமானது, தராசு என்ற குறிப்பும் வணிகத்துக்குப் பொருந்துகிறது. எழுத்துக்கூட்டலில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கீழே இன்னொரு வாசகரின் கேள்வியில் சொல்கிறேன். இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு துலாவுக்கு. ஆனால் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் புதிதாகத் தேடுங்கள் என்பதுதான் என் மனதில் படுவது. இரண்டு அல்லது மூன்று அசை, ஒரே எழுத்துக்கூட்டல், எந்த வசதியின் பெயரும் உள்ளே வரக் கூடாது. இந்த மூன்று நிபந்தனையோடு தேடுங்கள். அப்புறம் உங்களுக்குள் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். மூவரும் வாக்களித்தால் அவரவர் கண்டுபிடித்த பெயருக்குத்தான் விழும்.

*கேள்வி: என்ன செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிட்டால் நல்லதுதானே? இணையத்தில் 'இன்வாய்ஸ் சாஃப்ட்வேர்' என்று தேடுகிறவர்களுக்கு உடனே அகப்படுவோம் அல்லவா?*

அகப்படலாம். ஆனால் அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்காது. உங்கள் பக்கத்தில் நாளைக்கே இன்னொருவர் அதே சொற்களைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு கடை விரிப்பார். நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

வணிகச் சின்னச் சட்டம், அதாவது டிரேட்மார்க் சட்டம், இதை ஒரு படிக்கட்டாகப் பார்க்கிறது. அமெரிக்காவில் 1976-ல் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனத்தின் வழக்கில் வந்த தீர்ப்பு இந்தப் படிகளைத் தெளிவாக வரிசைப்படுத்தியது. அடிப்படியில் பொருளின் பொதுப்பெயர். அதை யாருமே சொந்தம் கொண்டாட முடியாது. அடுத்தது பொருளின் தன்மையை அப்படியே விவரிக்கும் பெயர். நீண்ட காலப் புழக்கத்தில் அது உங்களை மட்டுமே குறிக்கும் என்று ஆன பிறகுதான் பாதுகாப்பு கிடைக்கும். அதற்கு மேலே, லேசாகக் குறிப்புக் காட்டும் பெயர். அதற்கும் மேலே, அகராதியில் உள்ள ஆனால் பொருளோடு தொடர்பில்லாத சொல், கணினிக்கு ஆப்பிள் என்று வைத்ததைப் போல. உச்சியில் முழுக்கப் புனைந்த சொல். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-ல் பதிவு செய்த 'கோடாக்' அந்த வகை. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அடிப்படை எண்ணம் பெரும்பாலான நாடுகளில் இதுதான்.

பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மைக்ரோசாஃப்ட்டே உதாரணம். 'லிண்டோஸ்' என்ற பெயரில் ஓர் இயங்குதளம் வந்ததும் 2001-ல் அதன் மீது வழக்குப் போட்டார்கள். 'விண்டோஸ்' என்பதே அந்தத் துறையில் பொதுச்சொல்லாகப் புழங்கியது இல்லையா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தது. கடைசியில் 2004-ல் வழக்குத் தொடுத்த மைக்ரோசாஃப்ட் எதிர்த்தரப்புக்கு 2 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது, அவர்களும் 'லின்ஸ்பயர்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம் தாங்காது.

நான் பரிந்துரைப்பது நடுப்படி: குறிப்புக் காட்டும் பெயர். 'டேலி' என்ற பெயரைப் பாருங்கள். கணக்கு ஒத்துப்போவதைச் சொல்லும் சொல். கணக்காளருக்குக் கேட்டவுடனே புரிகிறது, ஆனால் 'கணக்கு மென்பொருள்' என்று அது எங்கும் சொல்லவில்லை. போனில் ஒரு தடவை சொன்னால் போதும். அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் முதலில் பியூட்ரானிக்ஸ். 1999-ல் நிறுவனமே பொருளின் பெயரை எடுத்துக்கொண்டு டேலி சொல்யூஷன்ஸ் ஆனது. ஆரக்கிளும் அப்படித்தான். 1977-ல் சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் லேபரட்டரீஸ் என்று ஆரம்பித்து, நடுவில் ரிலேஷனல் சாஃப்ட்வேர் என்று இருந்து, பிறகு தன் தரவுதளத்தின் பெயரையே சூட்டிக்கொண்டது. விவரித்துச் சொன்ன நிறுவனப் பெயர்கள் மறைந்தன, மக்கள் வாயில் இருந்த பொருளின் பெயர் நின்றது.

நேரடிப் பெயர் வைத்தும் ஜெயித்தவர்கள் உண்டே என்பீர்கள். உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-ல் விற்பனைக் குழுக்களுக்காகத் தொடங்கியது, இன்று வாடிக்கையாளர் சேவை, மார்க்கெட்டிங் என்று எங்கோ போய்விட்டது. ஆனால் 'சேல்ஸ்' என்ற சொல்லைத் தாண்டி இதையெல்லாம் மக்கள் மனதில் ஏற்ற அவர்களிடம் பணமும் ஆளும் இருந்தன.

தேடலில் அகப்பட வேண்டும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு இடம் பெயருக்குக் கீழே வரும் ஒரு வரி. 'இன்னது – சிறு நிறுவனங்களுக்கான இன்வாய்ஸ் மென்பொருள்' என்று பக்கத் தலைப்பில், ஆப் பட்டியலில், விசிட்டிங் கார்டில் எல்லா இடத்திலும் சேர்த்தே போடுங்கள். அந்த வரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெயரை அப்படி மாற்ற முடியாது.

*கேள்வி: நாங்கள் தேர்ந்தெடுத்த பெயரில் டாட் காம் முகவரி கிடைத்துவிட்டது. கம்பெனிப் பெயரும் பதிவாகிவிட்டது. இனி யாரும் கேள்வி கேட்க முடியாது என்று என் பார்ட்னர் சொல்கிறார். சரிதானா?*

சரியில்லை. இணைய முகவரி, கம்பெனிப் பதிவு, வணிகச் சின்னம் மூன்றும் தனித்தனி. முதலில் கேட்டவருக்கு முகவரி கிடைக்கும். கம்பெனிப் பதிவு உங்கள் நிறுவனத்துக்கு ஒரு அடையாளம் தருகிறது. அந்தப் பெயரில் பொருளை விற்கும் உரிமை வணிகச் சின்னத்தோடு சம்பந்தப்பட்டது. பல நாடுகளில், பதிவே செய்யாமல் முன்பிருந்து பயன்படுத்தி வருகிறவருக்கும் உரிமை உண்டு.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் கதை உங்கள் பார்ட்னருக்கு உதவும். 2002-ல் அது 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் வந்தது. ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் சின்னத்தோடு மோதியதால் 2003-ல் 'ஃபயர்பேர்ட்' என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தரவுதள மென்பொருள் இருந்தது, அந்தக் குழுவினர் எதிர்த்தார்கள். 2004 பிப்ரவரியில்தான் 'ஃபயர்பாக்ஸ்' என்று நிலைத்தது. இலவச மென்பொருளாக இருந்ததால் பயனர்கள் கூடவே வந்தார்கள். பணம் கட்டி வாங்கும் வாடிக்கையாளரிடம் ஒன்றரை வருடத்துக்குள் மூன்று பெயர் சொல்ல முடியுமா?

பவர்பாயிண்ட்டுக்கும் முதலில் நினைத்த பெயர் 'பிரெசென்டர்'. வேறொருவரிடம் அந்தப் பெயர் இருந்ததால் 1987-ல் வெளிவருவதற்கு முன்பே மாற்றிக்கொண்டார்கள். வெளிவருவதற்கு முன்பு என்பதைக் கவனியுங்கள், அதனால் இன்று யாருக்கும் அந்தப் பழைய பெயர் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் 'ஸ்கைடிரைவ்' அப்படித் தப்பவில்லை. பிரிட்டிஷ் ஒளிபரப்பு நிறுவனமான பிஸ்கைபி வழக்குப் போட்டு 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வென்றது. 2014-ல் 'ஒன்டிரைவ்' என்று மாற்றினார்கள். அதற்குள் லட்சக்கணக்கான கணினிகளில் பழைய பெயர் உட்கார்ந்திருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் நீங்களே தேடுங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் இலவசமாகத் திறந்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சின்னப் பதிவேட்டிலும், நீங்கள் விற்கப்போகும் நாடுகளின் பதிவேடுகளிலும் பாருங்கள். அதே எழுத்தைத் தேடி நிறுத்திவிடாதீர்கள், காதில் ஒன்றுபோல விழும் எல்லா எழுத்துக்கூட்டலையும் தேடுங்கள். சட்டமும் காதை மதிக்கிறது, ஒலி ஒற்றுமையாலும் மோதல் வரும்.

பதிவுகள் வகைவகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மொத்தம் 45 வகைகள். டவுன்லோடு செய்யும் மென்பொருள் 9-வது வகையில் வரும், இணையத்தின் வழியே சேவையாகத் தரும் மென்பொருள் 42-வது வகையில் வரும். இரண்டையும் பாருங்கள். வணிக நிர்வாகச் சேவைகள் வரும் 35-வது வகையையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

வேறு வகையில்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று நிம்மதி அடைவதற்கு முன்பு ஒன்று யோசியுங்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனமும் ஆப்பிள் கணினி நிறுவனமும் 1981-ல் சமரசம் செய்துகொண்டன: இவர்கள் இசைக்குள் வரக் கூடாது, அவர்கள் கணினிக்குள் வரக் கூடாது. கணினியே இசை வாசிக்க ஆரம்பித்ததும் அந்தக் கோடு அழிந்தது. திரும்பத் திரும்ப வழக்காகி 2007-ல்தான் முடிந்தது. மென்பொருள் எல்லாத் தொழிலுக்குள்ளும் நுழையக்கூடியது. இன்றைக்குத் தூரத்தில் இருக்கும் பெயர்க்காரர் நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆகலாம்.

தேடி முடித்து இரண்டு மூன்று பெயர் தேறினால் வணிகச் சின்ன வழக்கறிஞரிடம் போங்கள். லோகோவுக்கும் இணையதளத்துக்கும் செலவு செய்வதற்கு முன்பு போக வேண்டும். பல நாடுகளில் விற்கும் திட்டம் இருந்தால் மாட்ரிட் முறை என்ற சர்வதேசச் சின்னப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிட முடியும், அதையும் கேளுங்கள்.

*கேள்வி: நினைத்த பெயரில் டாட் காம் இல்லை. ஒரு எழுத்தை எடுத்துவிட்டு வாங்கலாமா? டாட் ஏஐ, டாட் ஐஓ என்று போகலாமா?*

எழுத்தை எடுக்காதீர்கள். ட்விட்டர் 2006-ல் உயிரெழுத்துகளை விட்ட எழுத்துக்கூட்டலில்தான் ஆரம்பித்தது, பிறகு முழுச் சொல்லின் முகவரியை வாங்கி அதற்கு மாறிக்கொண்டது. உங்கள் வாடிக்கையாளர் கேட்ட மாதிரியேதான் டைப் செய்வார், விடுபட்ட எழுத்து அவர் காதில் விழாது. பெயரோடு ஒரு சாதாரணச் சொல்லைச் சேர்த்து டாட் காம் வாங்குவது இதைவிட நல்லது.

இரண்டெழுத்து முடிவுகள் பொதுவாக ஏதோ ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ ஒதுக்கப்பட்டவை. டாட் ஏஐ அங்குயிலா தீவுடையது, டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதியுடையது. விதியும் கட்டணமும் அங்கே தீர்மானமாகும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் முடிவைப் பெயரின் பாகமாக ஆக்கிவிடாதீர்கள்.

*கேள்வி: தமிழ்ப் பெயர்தான் வைப்பேன் என்று உறுதியாக இருக்கிறேன். வெளிநாட்டிலும் விற்க வேண்டும். முடியுமா?*

தாராளமாக முடியும், எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. உலகச் சந்தைக்குத் தமிழ்ச் சொல் அந்நியமாக இருக்குமே என்று பலர் தயங்குகிறார்கள். அர்த்தம் தெரியாதவருக்கு அது புனைந்த சொல் மாதிரிதான் கேட்கும், சட்டப்படிக்கும் அது பல இடங்களில் வசதிதான். ஆனால் சில நாடுகளில் அதிகாரிகள் அந்நிய மொழிச் சொல்லின் அர்த்தத்தையும் பார்த்தே முடிவு செய்வார்கள். ஆகவே 'கணக்கு' என்றே பெயர் வைத்தால் அங்கும் பொதுச்சொல் சிக்கல் வரலாம்.

கவனிக்க வேண்டியது ஆங்கில எழுத்தில் எழுதும்போது வரும் குழப்பம். நம் எழுத்து ஒவ்வொன்றும் பல ஒலிகளைச் சுமக்கிறது. 'க' என்பதை கே, ஜி, ஹெச் என்று மூன்று விதமாக எழுதுவார்கள். 'த' என்றால் T, Th, D, Dh என்று ஆளுக்கொரு பழக்கம். ட, ப, ச எல்லாம் இதே கதை. ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். நெடில் வந்தால் ஒருவர் ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். மேலே 'துலா' கேட்ட வாசகர் இதைத்தான் கவனிக்க வேண்டும்: 'த'வும் இருக்கிறது, நெடிலும் இருக்கிறது, குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல் வரும்.

எனவே ம, ந, ர, ல, வ, ய போன்ற எழுத்துகளும் குறிலும் நிறைந்த சொற்களில் தேடுங்கள். 'வரவு' என்று ஒரு சொல். எப்படி எழுதினாலும் ஒரே மாதிரிதான் வரும். 'நிலவரம்' அப்படித்தான், கொஞ்சம் நீளம், ஆனால் தவறாக எழுத வழியே இல்லை. இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, யாராவது வைத்திருக்கலாம், தேடித்தான் தெரிய வேண்டும். இந்த மாதிரிச் சொற்கள் தமிழில் ஏராளம் என்பதற்காகச் சொன்னேன். கிடைத்தபின் எழுத்துக்கூட்டலில் இரண்டாவதாக வரக்கூடியதையும் முகவரியாக வாங்கி முதலாவதுக்குத் திருப்பிவிடுங்கள்.

தமிழ் தெரியாத ஒருவரை அதை வாசிக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். அவர் கொஞ்சம் வேறாகச் சொன்னாலும் நீங்கள் திருத்தாமல் சம்மதிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டிங்கிலும் உச்சரிப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

*கேள்வி: செவர்லே நோவா கார் ஸ்பானிய மொழியில் 'ஓடாது' என்று அர்த்தம் வந்ததால் விற்காமல் போனதாமே? எங்கள் பெயருக்கும் அப்படி ஆகிவிட்டால்?*

அந்தக் கதை உண்மையல்ல. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நோவா நன்றாகவே விற்றது. ஆனால் பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். மிட்சுபிஷியின் 'பஜேரோ' ஸ்பானிய மொழியில் கொச்சையான வசவு. அதனால் அந்த மொழி பேசும் சந்தைகளில் 'மோன்டேரோ' என்று விற்றார்கள். விற்கப்போகும் ஒவ்வொரு மொழிக்கும் அங்கேயே வளர்ந்த ஒருவரிடம் கேளுங்கள். அகராதியில் கொச்சைச் சொல் முழுக்க இருக்காது. உலக மொழி அத்தனைக்கும் சோதிக்கக் கிளம்பினால் பெயரே கிடைக்காது.

*கேள்வி: என் மகளின் பெயரை வைக்க ஆசை. தொழிலில் இது சரிப்படுமா?*

ஏன் சரிப்படாது? மை-எஸ்க்யூஎல் தரவுதளத்தின் பெயரில் உள்ள 'மை', அதை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸின் மகள் பெயர். பிற்பாடு அவர் தொடங்கிய மரியாடிபி இன்னொரு மகள் மரியாவின் பெயர். போன் சோதனையிலும் சின்னத் தேடலிலும் தேறினால் வையுங்கள். ஒன்றை மட்டும் மனதில் கொள்ளுங்கள்: நிறுவனத்தை ஒருநாள் விற்றால் பெயரும் கூடப் போய்விடும். அது சம்மதம் என்றால் தயங்க வேண்டாம்.

*கேள்வி: ஏஐ-யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நூறு பெயர் தருகிறதே, மெனக்கெடுவானேன்?*

பட்டியல் போட நன்றாக உதவும், நானும் அதற்குப் பயன்படுத்துவேன். ஆனால் நீங்கள் கேட்ட அதே கேள்வியை உங்கள் போட்டியாளரும் கேட்டிருப்பார், ஒரே வார்ப்பில் வந்த பெயர்கள்தான் இருவருக்கும் கிடைத்திருக்கும். 'இது யாரிடமும் இல்லை' என்று அது சொன்னால் நம்பிவிடாதீர்கள், பதிவேட்டில் நீங்கள் பார்க்க வேண்டும். இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடிக்கும். உங்கள் மென்பொருளை வெள்ளோட்டமாகப் பயன்படுத்துகிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள். வேலை முடிந்ததும் என்ன சொல்கிறார்கள்? எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது? அந்தத் தொழிலின் புழக்கத்திலேயே பெயர் கிடக்கும்.

*கேள்வி: எங்கள் மென்பொருள் இரண்டு வருடமாக விற்பனையில் இருக்கிறது. இப்போது இன்னொரு நிறுவனம் பெயரை மாற்றச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. எப்படி மாற்றுவது?*

முதலில் வழக்கறிஞர். மாற்றியே ஆக வேண்டுமா, எவ்வளவு அவகாசம் கேட்கலாம் என்பதை அவர் சொல்லட்டும். அவகாசம்தான் உங்களுக்கு மிக முக்கியம், அதைப் பேசி வாங்குங்கள்.

பிறகு பெயர் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். முகப்பு, இணையதளம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். வாடிக்கையாளர் அச்சடிக்கும் பில்லின் அடியில் 'இந்த மென்பொருளில் தயாரானது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். பேக்கப் ஃபைலின் பின்னொட்டு, இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர், மின்னஞ்சல் அனுப்பும் முகவரி, பிற மென்பொருள்கள் உங்களோடு இணையும் ஏபிஐ முகவரி, மென்பொருள் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், பயிற்சி வீடியோக்களில் தெரியும் ஸ்கிரீன், ஒப்பந்தங்கள் என்று பட்டியல் நீளும். வெளியே தெரியாத இடங்களில், ஃபோல்டர், பின்னொட்டு போன்றவற்றை, வழக்கறிஞர் ஒப்புக்கொண்டால் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். பெயர் மாற்றத்தால் பழைய பேக்கப் திறக்காமல் போனால் வாடிக்கையாளர் மன்னிக்கவே மாட்டார். புதிதாக ஆரம்பிக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளே ஒரு குறிப்புப் பெயர், வெளியே விற்பனைப் பெயர் என்று முதல் நாளிலிருந்தே பிரித்து வையுங்கள். விற்பனைப் பெயர் நிரலில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அறிவிப்பைப் பழைய பெயரில் அனுப்ப வேண்டும். கேள்விப்படாத பெயரிலிருந்து 'இனி எங்களுக்குப் பணம் கட்டுங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் மோசடி என்றுதான் யாரும் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். மென்பொருளுக்கு உள்ளே, அவர்கள் தினமும் பார்க்கும் ஸ்கிரீனில் சொல்லுங்கள். சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு எல்லோருக்கும் முன்பே சொல்லுங்கள். முதல் போன் அவர்களுக்குத்தான் வரும்.

சமரசத்தில் இடம் இருந்தால் புதுப் பெயருக்குக் கீழே 'முன்பு இன்னது' என்று ஒரு முழு நிதியாண்டுக்காவது போடுங்கள். வருடக் கடைசியில் மட்டும் வந்து திறக்கும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த மாற்றம் அன்றைக்குத்தான் தெரியவரும். பழைய இணைய முகவரி உங்கள் கையில் இருந்தால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் யாரோ வாங்கி, உங்கள் வாடிக்கையாளர்களைப் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோக வழி ஏற்படும். அந்த முகவரியையே ஒப்படைக்கச் சொன்னால், திருப்பிவிடும் காலத்தையும் சேர்த்துப் பேசுங்கள். மாற்றும் நாளைக் கணக்கு முடிக்கும் வாரங்களில் மட்டும் வைக்காதீர்கள். அந்த வாரங்களில் ஸ்கிரீனில் ஒரு பட்டன் இடம் மாறினாலே கணக்காளர்கள் பதறிப்போவார்கள்.